பத்தொன்பது வயது மூப்பர்

1853ஆம் ஆண்டில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையை நெருங்க அஞ்சித் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மனிதர்களையும் மூட்டைகளையும் மசூலாப் படகுகளே அலை கடத்திக் கரை சேர்க்கும். ஆணி அறைந்த படகு அந்த அலையில் பிளந்துவிடும் என்பதால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் கல்கத்தாவிலிருந்து மூவர் சென்னைக் கரையில் வந்திறங்கினர். ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவென்ஸ் என்பன அவர்களது பெயர்கள். அமெரிக்காவின் உப்பு ஏரிக் கரையில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த சால்ட் லேக் நகரத்திலிருந்து புறப்பட்டவர்கள் அவர்கள். மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். அச்சபைக்கே அன்று வயது இருபத்து மூன்றுதான்.

1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரில் கூடிய மாநாட்டில் நூறு பேருக்கு மேல் உலகின் பல திசைகளுக்குப் போகப் பணிக்கப்பட்டனர். இந்தியாவிற்கு ஒதுக்கப்பட்டவர்கள் 1853 ஜனவரி இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் 'மான்சூன்' என்னும் கப்பலேறினர். நமது பருவக்காற்றின் பெயர் கொண்ட கப்பலில் அவர்கள் நம் நாட்டுக்கு வந்தது தற்செயல்தான். ஏப்ரல் இறுதியில் கல்கத்தா. அங்கிருந்து மேற்சொன்ன மூவரும் சென்னைக்கு. கையில் பணம் வைத்துக்கொள்ளாமல், கிடைக்கும் விருந்தோம்பலை நம்பிப் பயணம் செய்வது அன்றைய அவர்களது நெறி.

விருந்தோம்பல் வெகுவாகக் கிடைக்கவில்லை. எந்த மாநாட்டில் அவர்கள் அனுப்பப்பட்டார்களோ, அதே மாநாட்டில்தான் பலதார மணம் தங்கள் கொள்கை என்பதைச் சபை முதன்முறையாக வெளிப்படையாக அறிவித்தது. அச்செய்தி இந்தியாவின் ஆங்கிலப் பத்திரிகைகளை எட்டியபின், கேட்க வந்தவர்களைவிடக் கதவடைத்தவர்களே மிகுதி. பாலன்டைன் 1854இல் சென்னையிலேயே ஒரு மாத இதழை அச்சிட்டார். ஆங்கிலத்தில். அவர்கள் பேசியதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஐரோப்பியரிடமும் ஆங்கிலம் அறிந்த சிலரிடமும். விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே சேர்ந்தனர். ஓராண்டு முடிந்ததும் பாலன்டைன் கப்பலேறிவிட்டார். 1856க்குள் எஞ்சியவர்களும் இந்தியாவை விட்டுப் போயினர். அதே 1856இல்தான் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. நிலையம் இன்றும் நிற்கிறது. அவர்கள் வந்துபோனதற்கு இவ்வூரில் ஒரு கல்கூட அடையாளமில்லை.

எங்களுக்கு இந்தக் கதையில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் உண்டு. 'எங்களுக்கு' என்பது திருவொற்றியூர் தேரடிக்கு அருகே குடியிருக்கும் கணவன் மனைவி இருவரைக் குறிக்கும். மதம் மாறும் எண்ணம் எங்களுக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் 2018 ஜூனிலிருந்து பத்து மாத காலம், பாலன்டைனின் வாரிசுகள் என்று சொல்லத்தக்க இரு இளைஞர்கள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துபோனார்கள்.

*

எதிர்வீட்டு அக்கா அச்சபையைச் சேர்ந்தவர். அவர்தான் அழைத்துவந்தார். இருவரில் ஒருவர் கோதாவரிக் கரைக்காரர். தெலுங்கும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் தெரியாது. கற்றுக்கொள்ள விரும்புகிறார் என்றார் அக்கா. வீட்டில் புத்தகம் நிறைய வைத்திருப்பவர்கள் மொழியும் சொல்லித்தருவார்கள் என்பது அக்காவின் நம்பிக்கை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் புழுதியைக் கடந்து, வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையுடன் இருவர் நடந்துவந்ததைத் தெரு முழுவதும் வேடிக்கை பார்த்தது. மருந்துக் கம்பெனி ஆட்கள் என்று சிலர் நினைத்தார்கள்.

இந்த வாழ்க்கையின் ஒழுங்குகளைச் சிறிது சிறிதாகத்தான் அறிந்துகொண்டோம். ஆண்கள் பதினெட்டு வயதிலிருந்து போகலாம். 2012க்கு முன்பு அது பத்தொன்பது. காலம் இரண்டு ஆண்டுகள். சம்பளம் கிடையாது. எந்த ஊர் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. காலை 6.30க்கு எழ வேண்டும், இரவு 10.30க்கு விளக்கணைக்க வேண்டும். எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். அந்தத் துணையும் அவர்கள் தேர்ந்தெடுத்ததல்ல. சினிமா இல்லை, காதல் இல்லை. வாரத்தில் ஒரு நாளின் பகற்பொழுது மட்டும் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் வீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பவும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் தாயுடன் பேசலாம்: கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை, அன்னையர் தினத்துக்கு ஒரு முறை.

எங்களுடன் அப்போது அப்பா இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். மூட்டைகள் கன்டெய்னர்களாக மாறியதைக் கண்ணெதிரே பார்த்தவர். அவருக்கு முதல் சிக்கல் பெயரில் வந்தது. பெயரைக் கேட்டால் 'எல்டர்' என்னும் சொல்லோடு குடும்பப் பெயரை மட்டுமே சொன்னார் அந்தப் பிள்ளை. ஊழியக் காலத்தில் சொந்தப் பெயரால் அழைத்துக்கொள்வதில்லையாம். எல்டர் என்றால் மூப்பர் என்று நாங்கள் விளக்கியதும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எழுபத்தாறு வயதுக்காரர் பத்தொன்பது வயதுப் பிள்ளையை மூப்பர் என்று அழைப்பதா? "தம்பின்னே கூப்புடறேன், கோச்சுக்காத" என்று முடித்துவிட்டார். பதிலுக்கு அந்தப் பிள்ளை அவரைத் தம் ஊர் வழக்கப்படி தாத்தையா என்றார்.

இரண்டாவது சிக்கல் தேநீர். வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் அவமதிப்பு. கொடுத்த டீயை மறுப்பது அதைவிடப் பெரிய அவமதிப்பு. ஆனால் 1833இல் அச்சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் அருளியதாக அவர்கள் கொள்ளும் உணவு நெறியின்படி மது, புகையிலை, காப்பி, தேயிலை நான்கும் விலக்கு. பிள்ளைகள் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்பாதான் வழி கண்டார். சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கருப்பட்டியுடன் கொதிக்கவைத்த தண்ணீரில் தேயிலையும் இல்லை, காப்பியும் இல்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. "வெறும் வயித்தோட போவக் கூடாது, அவ்ளோதான்" என்பது அப்பாவின் வேதம்.

*

அந்தப் பிள்ளை வரும்போதே கொஞ்சம் தமிழ் வைத்திருந்தார். சபைப் பிரசுரங்களில் கற்ற தமிழ். "தாங்கள் சுகமாயிருக்கிறீர்களா?" என்று ஷேர் ஆட்டோக்காரரிடம் கேட்பார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, எங்க போணும்?" என்பார். இந்த 'நைனா'தான் முதல் திறவுகோல். தெலுங்கில் அது தந்தையைக் குறிக்கும் சொல். வடசென்னையில் யாரும் யாரையும் அப்படி அழைக்கலாம். தன் வீட்டுச் சொல் இந்தத் தெருவில் சட்டையை மாற்றிக்கொண்டு திரிவதைக் கண்டு அந்தப் பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது. துட்டு டச்சுக்காரர்கள் விட்டுச்சென்றது, நாஷ்டாவும் பேஜாரும் உருதுவின் வழியே வந்தவை என்று நாங்களும் அடுக்கினோம். துறைமுகத்து ஊரின் பேச்சும் துறைமுகம்தான்; இறங்கிய சரக்கெல்லாம் தங்கிவிடுகிறது.

செந்தமிழை நாங்கள் கற்பித்தோம். பேச்சை அப்பா கற்பித்தார். அப்பாவின் பாடத்திற்கே மதிப்பு அதிகம் என்பது விரைவில் தெரிந்தது.

ஒருநாள் அப்பா, தாம் கிரேன் ஓட்டிய காலத்தில் இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் போன கப்பல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலிலிருந்து இறங்கும் ஜப்பானியர்கள் குனிந்து வணங்கும் அழகைச் செய்தும் காட்டினார். "அங்கயும் உங்க ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்ற அந்தப் பிள்ளை, தன்னையொத்த வயதில் ஜப்பானுக்குப் போன ஒருவரைப் பற்றிச் சொன்னார். கேட்டபின் நாங்களும் தேடி வாசித்தோம்.

1901 ஆகஸ்டில் யோகோஹாமா துறைமுகத்தில் நால்வர் இறங்கினர். தலைவர் ஹீபர் கிரான்ட். நால்வரில் இளையவர் ஆல்மா டெய்லர், வயது பத்தொன்பது. ஜப்பானில் அவர்கள் கண்டதும் ஏறத்தாழ பாலன்டைன் சென்னையில் கண்டதுதான்: மரியாதை இருந்தது, செவிகொடுப்பவர் இல்லை. அங்கும் விருந்தினர் முன் முதலில் வைக்கப்படுவது தேநீர். பச்சைத் தேயிலையானாலும் விலக்கு விலக்குதான். வறுத்த வாற்கோதுமையில் கொதிக்கவைத்த நீரை இன்றும் அங்குள்ள ஊழியர்கள் அதற்கு மாற்றாகக் குடிக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுக்குத் தண்ணீருக்கு ஜப்பானில் ஓர் உறவு இருப்பதை அறிந்து அப்பா மகிழ்ந்தார்.

கிரான்ட்டிற்கு ஜப்பானிய மொழி வசப்படவில்லை, 1903இல் திரும்பிவிட்டார். டெய்லர் இருந்தார். இரண்டு ஆண்டுகளல்ல, எட்டு ஆண்டுகளுக்கு மேல். மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்க்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. பேச்சுநடையா, பழைய இலக்கிய நடையா என்ற கேள்வி அங்கும் எழுந்தது. இலக்கிய நடையே வென்றது. அதைச் செம்மைப்படுத்த ஜப்பானிய எழுத்தாளர்களின் துணை தேவைப்பட்டது. அவர்களில் ஒருவர் இகுதா சோகோ. பின்னாளில் நீட்சேயை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர். கடவுள் இறந்துவிட்டார் என்று எழுதியவரைப் பெயர்த்த கை, அதற்குமுன் ஓர் இளம் ஊழியரின் வேதத்திற்கு வாக்கியம் திருத்திக்கொண்டிருந்தது. 1909இல் நூல் வெளிவந்தது. 1910இல் டெய்லர் ஊர் திரும்பினார்.

அந்த ஜப்பான் ஊழியம் 1924இல் மூடப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. மூடும் முடிவை எடுத்தவர் அதே ஹீபர் கிரான்ட். அப்போது அவர் சபையின் தலைவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948இல்தான் மீண்டும் திறந்தார்கள். டெய்லரின் இலக்கிய நடை புதிய தலைமுறைக்குக் கடினமாகிவிட, 1957இல் வேறொரு மொழிபெயர்ப்பு வந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "அந்தப் புள்ள பாஷ கத்துக்கிச்சு. அது போதும்."

*

போதுமா என்பதுதான் எங்கள் வீட்டில் நீண்ட நாள் நடந்த வாதம்.

அந்தப் பிள்ளைகளிடம் ஒரு நாட்குறிப்பு உண்டு. யாரைச் சந்தித்தோம், எத்தனை பாடம் நடந்தது, யார் ஆராதனைக்கு வந்தார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, வாரந்தோறும் மேலே அறிக்கை கொடுக்க வேண்டும். எங்கள் வீடும் அதில் ஒரு வரி. எங்களில் ஒருவருக்கு அது முள்ளாக உறுத்தியது. நட்பென்று நாம் நினைப்பது எங்கோ ஒரு கணக்கில் ஏறுகிறது என்றால் அது என்ன நட்பு என்பது அவரது கேள்வி. மற்றவர் சொன்னார்: காப்பீட்டு முகவரும் கட்சிக்காரரும் கணக்கோடுதான் வருகிறார்கள், இந்தப் பிள்ளை தன் இளமையில் இரண்டு ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது, விற்பனைக்காரன் தன் சரக்கை இவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருப்பானா? வாதம் அங்கேயே நிற்கவில்லை. எங்கள் பக்கமும் கதவு சாத்தித்தானே இருந்தது? மாறப்போவதில்லை என்று முடிவுசெய்தவர்கள் கேட்கிறோம். மாறப்போவதில்லை என்று முடிவுசெய்தவர் பேசுகிறார். இது உரையாடலா, உபசாரமா?

அப்பாவுக்கு இத்தகைய சுற்றுவழிகள் தெரியாது. 2018 நவம்பரில் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"தம்பி, நீ எனக்காவ வர்றியா, கணக்குக்காவ வர்றியா?"

அந்தப் பிள்ளையின் முகம் சிவந்தது. கொஞ்சநேரம் தரையைப் பார்த்தார்.

"ரெண்டுக்கும், தாத்தையா."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. எங்களுக்கும்தான். அன்றே நாங்கள் வெளிப்படையாகச் சொன்னோம்: உங்கள் சபையில் நாங்கள் சேரப்போவதில்லை, நீங்கள் எங்கள் பொருட்டுச் செலவிடும் நேரம் உங்கள் கணக்கில் வீண். அவர் தலையசைத்தார். கூட வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் எழுந்து, வழக்கம்போல ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனி வரமாட்டார்கள் என்றே நினைத்தோம். அவர்கள் நெறியில் அதற்கு நியாயமும் உண்டு. இருப்பது இரண்டே ஆண்டுகள். கேட்க விரும்புகிறவர்களைத் தேடிப் போவதே கடமை. அடுத்த திங்கட்கிழமை பகலில் வாசலில் நிழலாடியது. வெள்ளைச் சட்டை இல்லை. கட்டம்போட்ட சாதாரணச் சட்டை. திங்கட்கிழமை அவர்களுடைய ஓய்வுநாள். துணி துவைத்துப் போட்டுவிட்டு, தன் வாரத்தின் ஒரே சொந்தப் பகலில் வந்திருந்தார். தனியே வர அனுமதியில்லாததால் துணைவரும் வந்து திண்ணையில் படுத்து உறங்கிவிட்டார். அப்பாவின் கேள்விக்கு அந்தப் பிள்ளை திருத்தி எழுதிய பதில் அது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உரலை எடுத்துச் சுக்குத் தட்ட உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு மதம் பேச்சில் வராமல் போய்விடவில்லை. இன்னும் இயல்பாக வந்தது. அந்த அக்டோபரில் அவர்களுடைய தலைவர், இனி மார்மன் என்னும் பட்டப்பெயர் வேண்டாம், சபையின் முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவால் அந்த நீண்ட பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. "உங்க கோயில்" என்றே சொன்னார். பதிலுக்கு அப்பா எங்கள் கோயிலின் கதையைச் சொன்னார். சுந்தரர் ஒற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு ஆரூர் நினைவு வந்துவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் போயின.

"கண்ணு திரும்பி வந்துச்சா, தாத்தையா?"

"ஒண்ணு காஞ்சிபொரத்துல வந்துச்சு. இன்னொண்ணு ஆரூர்ல."

"சங்கிலியாருக்கு என்ன ஆச்சு?"

அப்பா யோசித்தார். இத்தனை ஆண்டுகளாக இந்தக் கதையைச் சொல்பவர். யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. வெளியிலிருந்து வந்தவர்தான் கேட்க முடியும்போலும்.

2019 பிப்ரவரியில் சபை விதி மாறியது. ஊழியர்கள் இனி வாரந்தோறும் வீட்டாருடன் தொலைபேசியில் பேசலாம். அடுத்த திங்களன்று எங்கள் வேப்ப மரத்தடியில் நின்று அந்தப் பிள்ளை தன் தாயிடம் முக்கால் மணிநேரம் தெலுங்கில் பேசினார். அப்பா உள்ளே வந்து வானொலியின் ஒலியைக் குறைத்தார். மார்ச்சில் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். விடைபெறும்போது, அதுவரை சொல்லாத தன் சொந்தப் பெயரை அப்பாவிடம் சொன்னார். அப்பா அதை இரண்டு முறை சொல்லிப்பார்த்துவிட்டு, "சரி தம்பி" என்றார்.

*

பாலன்டைன் சென்னையில் இதழ் நடத்திய அதே 1854இல், அதே ஊரின் சிந்தாதிரிப்பேட்டையில் இன்னோர் அமெரிக்க ஊழியர் தமிழ்ச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். மைரன் வின்சுலோ. அவர் சார்ந்த சபை வேறு. முதலில் யாழ்ப்பாணத்திலும், 1836 முதல் சென்னையிலுமாக, தமிழரிடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர். 1862இல் வெளிவந்த அவரது தமிழ் ஆங்கில அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. அவர் எத்தனை பேரை மதம் மாற்றினார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. ஐயம் வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம்.

பாலன்டைன் உறுதியில் குறைந்தவரல்லர். கடல் கடந்து, காசில்லாமல், பசியோடு வந்தவர். ஆனால் அவருக்கு இவ்வூரிடம் கற்றுக்கொள்ள எதுவும் தேவைப்படவில்லை. ஓராண்டில் தேவைப்பட்டிருக்கவும் முடியாது. அவரைப்போல் வந்தவர்களைக் கரைசேர்த்த ராயபுரத்துப் படகோட்டிகளோ தங்கள் உழைப்பின் காசில் தங்களுக்கென்று ராயப்பர் தேவாலயத்தை எழுப்பியிருந்தவர்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கவும் மொழி வேண்டும். மொழி கற்க வருபவன் கைநீட்டி நிற்க வேண்டியிருக்கிறது. 'இதற்கு என்ன பெயர்?' என்று ஒரு கிழவரிடமும் ஆட்டோக்காரரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. கொடுக்க வந்தவன் அந்த நேரத்தில் வாங்குகிறவனாகிறான். பத்தொன்பது வயதில் ஒருவனை அறியாத ஊருக்கு அனுப்பும் அந்தச் சபையின் ஏற்பாட்டில் எங்களுக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. ஆயினும் இந்த ஒன்றை அவர்களே அறிந்தோ அறியாமலோ செய்துவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

2021 மே மாதத்தில், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், அப்பா காலமானார். எதிர்வீட்டு அக்கா சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். ஊழியம் முடித்து, கோதாவரிக் கரையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பிள்ளையிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. மறுமையைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் அவர் நம்பிக்கையின்படி சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். அவை எதுவும் அதில் இல்லை. வடசென்னைப் பேச்சில், தமிழ் எழுத்தில், நான்கு வரிகள்.

"அக்கா, அண்ணா, தாத்தையா போய்ட்டாருன்னு கேள்விப்பட்டேன். இன்னா சொல்றதுன்னு தெரில. இன்னிக்கு எங்க வூட்ல சுக்குத் தண்ணி போடச் சொன்னேன். அம்மாவும் குடிச்சாங்க."

'சுக்கு' என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது. பதில் எழுத எங்களுக்கு இரண்டு நாட்கள் ஆயின.